கியர் பாக்ஸ் போல்ட்டில் ஆயில் கசிகிறதா? இறுக்கினால் மட்டும் போதாது!

இரவு கொட்டகையில் நிறுத்திய டிராக்டரைக் காலையில் எடுக்கும்போது, அடியில் ஒரு கை அகலத்துக்கு ஆயில் வட்டம் கிடக்கும். பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் அநேகமாக எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான் இது. "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி, மேலே இரண்டு கை மணலை அள்ளிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் போனேன். அதன் பலனை ஒரு குறுவைப் பட்டத்தில் அனுபவித்தேன். மற்ற விவசாயிகளுக்கு அந்தக் கஷ்டம் வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி காவிரிப் பாசனம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் சேற்றுழவு. எனக்குச் சொந்த நிலம் நாலு ஏக்கர்தான். மற்றபடி வாடகை உழவுதான் வண்டிக் கடனைக் கட்டி வந்தது. பழைய வண்டியாக வாங்கிய டிராக்டர். வாங்கும்போதே அதற்கு 30 வயது இருக்கும். இடது கால் மிதிப் பலகையைத் தாங்கும் இரும்பை கியர் பாக்ஸோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளில் கசிவு. அந்த வருஷம் தண்ணீர் வருவதற்கு முன் "இன்றைக்கு இதை நிறுத்திவிடுகிறேன்" என்று ஸ்பானரில் ஒரு பைப்பை மாட்டி இறுக்கினேன். ஒரு போல்ட் இறுகியது. மற்றொன்று இறுகுவது போல் வந்து, திடீரென்று லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே மரை போய்விட்டது! அப்போதைக்குச் சோப்பை அப்பி, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு உழவுக்குப் போனேன்.

மூன்றாம் நாள், கேஜ் வீல் மாட்டிச் சேறு அடித்துக்கொண்டிருக்கும்போது ஹைட்ராலிக் தூக்கு விட்டுவிட்டு வேலை செய்தது. அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஆயில், பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. என் வண்டியில் கியர் பாக்ஸ், டிபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். முப்பது லிட்டருக்கு மேல் இருந்த அவ்வளவும் பாழ். வண்டி கொட்டகையில் நின்றது. வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு வண்டியைத் தேடிப் போனார்கள்.

பார்க்க வந்த வயதான மெக்கானிக் சோப்பையும் துணியையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஆயில் வெளியே வர்ற வழியிலேதான் தண்ணி உள்ளே போகும். முதல்லே அதைத் தெரிஞ்சுக்க."

"நல்லா இறுக்கித்தான் பார்த்தேன் அண்ணே" என்றேன்.

"இறுக்கினா போல்ட்டு நிக்கும். ஆயில் நிக்குமா? அது ஏறி வர்றதே மரையிலேதானே!" என்றார் அவர்.

இந்த இரண்டு வார்த்தைகளில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அதை விவரமாகப் பார்ப்போம்.

சொட்டுக் கணக்கு

பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணிக்கு 360 சொட்டு. எட்டு மணி நேர வேலைக்கு 2,880 சொட்டு. சுமார் 24 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 120 மில்லி. ஒன்பது நாள் உழவில் ஒரு லிட்டருக்கு மேல் மண்ணில் போய்விடுகிறது. ஆயில் மட்டம் குறைந்தால் மேலே இருக்கும் பல் சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் போதுமான ஆயில் எட்டாது. சூடு ஏறும், தேய்மானம் கூடும்.

வெளியே போகும் ஆயிலைவிட உள்ளே வரும் தண்ணீர் மோசமானது. வண்டி ஓடும்போது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. மதியச் சாப்பாட்டுக்கு வண்டியைச் சேற்றிலேயே நிறுத்தினால், அந்தக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும்போது வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுக்கும். கசியும் போல்ட் சேற்றுத் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையும் மண்ணையும் இழுக்கும். புன்செய் உழவில் வெறும் நஷ்டமாக இருக்கிற கசிவு, சேற்றுழவில் வண்டிக்கே ஆபத்தாக முடிவது இதனால்தான்.

கியர் பாக்ஸே முதுகெலும்பு

லாரிக்கும் காருக்கும் அடியில் நீளமான சட்டம் அல்லது உறுதியான உடற்கூடு உண்டு. பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பாக்ஸ், பின் ஆக்சில் கூடு இவற்றை ஒன்றோடொன்று போல்ட்டால் பிணைத்துவிட்டால் அதுவே வண்டியின் உடம்பு. 1917-ல் ஹென்றி போர்டு வெளியிட்ட போர்ட்சன் டிராக்டர் இந்த அமைப்பைப் பெருவாரியாகக் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த டிராக்டர்கள் பெரும்பாலும் அந்த வழியிலேயே செய்யப்பட்டன.

ஆகவே கலப்பையின் இழுவை, வரப்பு ஏறும்போது வரும் முறுக்கல், டிரெய்லரின் பாரம் எல்லாமே கியர் பாக்ஸ் கூட்டின் மேல்தான் விழுகின்றன. கால் பலகை, பக்கத் தாங்கிகள் போன்றவையும் பல வண்டிகளில் அதன் மேல்தான் மாட்டப்பட்டிருக்கும். இரவும் பகலும் அதிர்ந்து அதிர்ந்து போல்ட்டுகள் தளர்வதில் ஆச்சரியம் இல்லை.

மரை வழியே வருவது எப்படி?

கியர் பாக்ஸ் கூட்டில் போல்ட் துளைகள் இரண்டு வகை. ஒன்று, பாதியோடு நின்றுவிடும் குருட்டுத் துளை. இதில் ஆயில் வர வழியில்லை. மற்றொன்று, கூட்டின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஆயில் இருக்கும் இடம் வரை செல்லும் துளை. இதில் போல்ட்டின் நுனி ஆயிலிலேயே நனைந்துகொண்டிருக்கும்.

போல்ட் மரையும் துளையின் மரையும் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். அது நூல் ஏணி போலச் சுற்றிச் சுற்றி நுனியிலிருந்து தலை வரை வருகிறது. ஆயில் அந்த வழியே ஏறி வந்து போல்ட் தலையின் கீழே எட்டிப் பார்க்கிறது. புது வண்டியில் தலையும் வாஷரும் நன்றாகப் படிந்து அதைத் தடுத்துவிடும். பழைய வண்டியில் தலையின் கீழே துரு, பெயிண்ட், பள்ளம் எல்லாம் சேர்ந்திருக்கும்; அடைப்பு நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் போடுவது ஸ்பிரிங் வாஷர். அது ஒரு இடத்தில் வெட்டப்பட்ட வளையம். போல்ட் தளராமல் பிடிப்பதற்கு உதவும் என்று போடுகிறார்களே தவிர, ஆயிலை அடைக்க அதனால் முடியாது. அந்த வெட்டு வழியாகவே ஆயில் வெளியே வரும்.

முதலில் ஊற்றைக் கண்டுபிடியுங்கள்

ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேல் மூடியில் கசிந்த ஆயில் கூட்டின் மேல் வழிந்து, கீழே உள்ள போல்ட் தலையில் சேர்ந்து சொட்டும். நாம் கீழ்ப் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். எனவே கீழ்க்கண்டவாறு செய்து பாருங்கள்.

கூட்டில் ஒட்டியிருக்கும் சேறு, பிசுக்கு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, டீசல் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள். சந்தேகப்படும் இடம் முழுவதும் சாக்கட்டித் தூளோ, முகத்துக்குப் போடும் பவுடரோ மெல்லிதாகத் தூவுங்கள். அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்து கறுக்கிறதோ, நனைந்த இடங்களில் எது மிக உயரமானதோ, அதுதான் ஊற்று.

எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் குனிந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம். பி.டி.ஓ. தண்டில் வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கண் இமைக்கும் நேரத்தில் உயிர் போய்விடும்.

ஆயிலின் நிறமும் சேதி சொல்லும். கறுப்பாக இருந்தால் அநேகமாக எஞ்சின் ஆயில். தேன் நிறத்தில் கெட்டியாக இருந்தால் கியர் ஆயில். வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. கிளட்ச் கூட்டின் அடியில் பல வண்டிகளில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஒரு பின் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் துளை வழியே ஆயில் சொட்டினால் கோளாறு போல்ட்டில் இல்லை. எஞ்சினின் பின் சீலோ, கியர் பாக்ஸின் முன் சீலோ போயிருக்கிறது. "ஒழுகுகிறதே" என்று அந்தத் துளையை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால் ஆயில் உள்ளேயே தேங்கி கிளட்ச் தட்டில் ஏறும்.

மூச்சுத் துளை அடைபட்டிருக்கிறதா?

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். கியர் பாக்ஸ் மேல் மூடியிலோ, ஆயில் ஊற்றும் மூடியிலோ, அளவுக் குச்சியின் தலையிலோ காற்று போய் வர ஒரு மூச்சுத் துளை இருக்கும். பிரீதர் என்பார்கள். சேற்றுழவுக்குப் பிறகு மண் காய்ந்து இதை அடைத்துவிடும். அப்போது உள்ளே விரியும் காற்றுக்கு வேறு வழி இல்லை. ஆயிலைப் பிடித்துத் தள்ளும். எந்த மரை பலவீனமாக இருக்கிறதோ அந்த வழியே தள்ளும். பிரீதரைக் கழற்றி டீசலில் அலசி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள். இதிலேயே கசிவு பாதியாகக் குறைவதும் உண்டு.

ஆயில் மட்டத்தையும் பாருங்கள். "குறையத்தானே போகிறது" என்று அளவுக்கு மேல் ஊற்றுவது தவறு. கூடுதல் ஆயில் கடையப்பட்டு நுரைக்கும், சூடாகும், கசிவும் கூடும்.

போல்ட்டை அடைக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கனமான மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள்.

போல்ட் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஆயிலை வடிக்க வேண்டும். சுத்தமான டின்னில் பிடித்து மூடி வையுங்கள். கெடாமல் இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கும் போல்ட் என்றால், வண்டியை லேசான சரிவில், அந்தப் பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தினாலே போதும், வடிக்க வேண்டியிராது.

1. ஒரே சமயத்தில் எல்லாப் போல்ட்டையும் கழற்றாதீர்கள். தாங்கி இரும்பைப் பிடிக்கும் போல்ட் என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி, அடைத்து, மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கியர் பாக்ஸையும் பின் ஆக்சில் கூட்டையும் இணைக்கும் போல்ட்டுகளை நீங்களாகக் கழற்ற வேண்டாம். வண்டியே இரண்டாகப் பிரியும் இடம் அது.

2. மூடியைக் கழற்றுவதானால், ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையின் போல்ட்டோ அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். பார்க்க ஒன்று போல் இருந்தாலும் நீளம் மாறும். நீளப் போல்ட் குருட்டுத் துளைக்குப் போனால் அடியில் முட்டி நின்றுவிடும். தலை மூடியை அழுத்தாது. சுவர் தாண்டும் துளையில் அளவுக்கு மீறிய நீளம் போட்டால், உள்ளே பல் சக்கரத்தில் இடிக்கவும் கூடும்.

3. போல்ட் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். துளையின் மரையை, குச்சியில் சுற்றிய துணியைத் தின்னரில் நனைத்துத் துடையுங்கள். பிசுக்கு மிச்சம் இருந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. இந்த வேலையில் பலர் தோற்பது இந்த இடத்தில்தான். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது.

4. போல்ட் தலையின் அடிப்பக்கத்தையும், அது படியும் இடத்தையும் பாருங்கள். பெயிண்ட், துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்குங்கள்.

5. மரைக்குப் போடும் அடைப்புப் பசை கடைகளில் கிடைக்கிறது. காற்றுப் படாத இடத்தில், இரும்போடு இரும்பு நெருங்கும் இடுக்கில் தானாக இறுகும் வகை இதற்கு ஏற்றது. கழற்றக்கூடிய ரகமாகக் கேட்டு வாங்குங்கள். நிரந்தரமாகப் பிடிக்கும் ரகத்தைப் போட்டுவிட்டால், பிறகு சூடு காட்டினால்தான் போல்ட் அசையும். நுனியில் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு, அடுத்த மரைகளில் சுற்றிலும் தடவுங்கள். அப்போதுதான் பசை உள்ளே விழாமல் இருக்கும்.

6. ஸ்பிரிங் வாஷருக்குப் பதிலாகச் செம்பு வாஷர் போடுங்கள். பழைய செம்பு வாஷர் கெட்டிப்பட்டிருக்கும். அதைச் சிவக்கச் சூடு காட்டி ஆறவிட்டால் மறுபடியும் மெதுவாகி நன்றாகப் படியும். உள் விளிம்பில் ரப்பர் வைத்த இரும்பு வாஷரும் கிடைக்கிறது. கடையில் டௌட்டி வாஷர் என்று கேட்டால் கொடுப்பார்கள். போல்ட் அளவுக்குச் சரியானதாக வாங்க வேண்டும். செம்பு வாஷரும் சரி, இதுவும் சரி, தலை படியும் இடம் சமமாக இருந்தால்தான் பயன்.

7. முதலில் கையால் திருகி, பிறகு சாதாரண ஸ்பானரால் ஒரே சீராக இறுக்குங்கள். பைப் மாட்டி இழுக்கவே வேண்டாம். கூடு வார்ப்பிரும்பு, போல்ட் எஃகு. பலத்தைக் காட்டினால் தோற்பது வார்ப்பிரும்பின் மரைதான். மூடியில் பல போல்ட் இருந்தால் ஒன்றுக்கு எதிரே மற்றொன்று என்று மாற்றி மாற்றி, இரண்டு மூன்று தவணையில் இறுக்க வேண்டும். வண்டிக்கான புத்தகத்தில் இறுக்கும் அளவு கொடுத்திருந்தால் அதன்படி செய்வதே நல்லது.

8. பசை டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை, பொதுவாக ஒரு நாள், வண்டியை எடுக்காதீர்கள்.

குருட்டுத் துளையில் ஓர் எச்சரிக்கை. அதில் ஆயிலோ பசையோ நிறைந்திருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், வெளியேற வழியில்லாத திரவம் கூட்டையே வெடிக்கச் செய்துவிடும். துளையை நன்றாகத் துடைத்த பிறகே போல்ட்டைப் போடுங்கள்.

அங்குல மரையா, மில்லி மீட்டர் மரையா?

மேல்நாட்டு வரைபடங்களைக் கொண்டு நம் நாட்டில் தயாரான பழைய வண்டிகள் பலவற்றில் அங்குல மரை இருக்கும். மற்றவற்றில் மில்லி மீட்டர் மரை. தொலைந்த போல்ட்டுக்குப் பதில் கையில் கிடைத்ததைப் போடுவது கசிவுக்குப் பெரிய காரணம். உதாரணமாக, அரை அங்குல யு.என்.சி. துளை 12.7 மில்லி மீட்டர்; அங்குலத்துக்கு 13 மரை. 12 மில்லி மீட்டர் போல்ட்டின் சாதாரண மரை 1.75 மில்லி மீட்டருக்கு ஒன்று. அங்குலத்துக்குச் சுமார் பதினான்கரை வருகிறது. போட்டால் முதலில் லொடலொடவென்று போகும், பிறகு பிடித்துக்கொள்ளும். "இறுகிவிட்டது" என்று நினைப்போம். உண்மையில் மரையை அறுத்திருக்கும். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துச் சென்று, மரை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மரை போய்விட்டால்

எனக்கு நேர்ந்தது இதுதான். இதற்கு இரண்டு வழி உண்டு. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அடுத்த அளவுக்கு மரை வெட்டிப் பெரிய போல்ட் போடலாம். சுற்றிலும் இரும்பு தடிமனாக இருந்தால்தான் இது சரி. இல்லையென்றால் ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள் மரையை உள்ளே பதித்து, பழைய அளவுப் போல்ட்டையே போடலாம். என் வண்டிக்கு மெக்கானிக் செய்தது இரண்டாவது முறை. சுருளின் வெளிப்பக்கத்திலும் அவர் பசை தடவினார். சுருளைச் சுற்றியும் ஆயில் ஏறி வரும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சுவர் தாண்டும் துளையில் டிரில்லும் டேப்பும் ஓட்டும்போது இரும்புத் தூள் உள்ளே விழும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அடைத்து ஓட்டினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். மிச்சத்தைக் காந்தத்தால் எடுத்து, ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவதே பத்திரம். நாலு ரூபாய்த் தூள் நாற்பதாயிரம் ரூபாய் பல் சக்கரத்தைக் கெடுக்க விடலாமா?

மூடியும் பேக்கிங்கும்

மூடி ஓரத்தில் கசிந்தால் பேக்கிங்கை மாற்ற வேண்டும். பழைய காலத்துப் பேக்கிங் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்க விட்டால் நுரையீரலுக்குக் கேடு. ஆயிலில் நனைத்து, மழுங்கிய தகட்டால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

தகட்டு மூடி என்றால் போல்ட் துளைகளைச் சுற்றி உள்நோக்கிக் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வருஷம் மிஞ்சி இறுக்கியதன் விளைவு அது. பட்டறைக் கல்லின் மேல் வைத்துத் தட்டிச் சமமாக்காமல் எத்தனை பேக்கிங் போட்டாலும் நிற்காது. பேரிங் பிடிக்கும் மூடிகளுக்கு அடியில் மெல்லிய தகடுகள் அடுக்கியிருந்தால் அவை கசிவுக்காகப் போட்டவை அல்ல. பேரிங்கின் இடைவெளியைச் சரிசெய்பவை. எத்தனை இருந்ததோ அத்தனையையும் அப்படியே போடுங்கள்.

செய்யக் கூடாதவை

சோப்பு அப்புவது டீசல் டாங்கிக்கு ஒரு நாள் உதவலாம். கியர் பாக்ஸ் சூட்டில் நிற்காது.

பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப் வேண்டாம். பிய்ந்த துணுக்குகள் ஹைட்ராலிக் பம்ப்பின் வடிகட்டியில் போய் உட்காரும். சிலிக்கான் பசையையும் அள்ளி அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கியது அறுந்து விழுந்து அதே வேலையைச் செய்யும்.

கசிவைக் குறைக்கக் கெட்டி ஆயிலோ கிரீஸோ ஊற்றாதீர்கள். ஒரே ஆயிலில் ஹைட்ராலிக்கும் ஓடும் வண்டியில் பம்ப்பால் அதை இழுக்க முடியாது. பிரேக்கும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டி என்றால் அதற்கென்று சொல்லப்பட்ட ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

மரத்தூள் போட்டுச் சத்தத்தையும் கசிவையும் மறைத்து விற்பது தரகர்களிடையே பழைய தந்திரம். பழைய வண்டி வாங்குபவர்கள் டிரெயின் பிளக்கைத் திறந்து கொஞ்சம் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றாதீர்கள். அது நம் கிணற்றுக்கும் பயிருக்கும்தான் திரும்பி வரும்.

எப்போது பட்டறைக்குப் போவது?

போல்ட்டைச் சுற்றி வார்ப்பிரும்பில் விரிசல் தெரிந்தால், பசையால் மூடாதீர்கள். அது முதுகெலும்பில் விழுந்த விரிசல். வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவர்களிடம்தான் காட்ட வேண்டும். இணைப்புப் போல்ட்டுகள் அடிக்கடி தளர்ந்தாலும், பின் சக்கரத்தின் உட்பக்கம் ஆயில் வழிந்தாலும் தாமதிக்காதீர்கள். உலர் பிரேக் உள்ள வண்டியில் அந்த ஆயில் பிரேக் பட்டையில் ஏறிவிட்டால், பாரம் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் இறங்கும்போது பிரேக் பிடிக்காது. அங்கே போவது ஆயில் காசு அல்ல, ஓட்டுபவரின் உயிர்.

அந்த வருஷம் என் வண்டி ஆறு நாள் நின்றது. ஆயில் செலவும் கூலியும் போக, வாடகை உழவில் பாதி கைவிட்டுப் போயிற்று. அந்தப் போல்ட்டுக்கு முன்கூட்டியே ஒரு செம்பு வாஷரும் கொஞ்சம் பசையும் போட்டிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில், அணைத் தண்ணீருக்கு முன்பு, கியர் பாக்ஸைக் கழுவி, பவுடர் தூவி, பிரீதரை அலசிப் பார்த்துவிடுகிறேன். காலையில் வண்டியை எடுக்கும்போது தரை காய்ந்து கிடக்கிறது.

உங்கள் வண்டிக்கு அடியிலும் நாளைக் காலையில் குனிந்து பாருங்கள். ஆயில் வட்டம் தெரிந்தால் மணலைப் போட்டு மூடாதீர்கள். தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்குள் அதைச் சரிசெய்துவிடுங்கள்.